வெள்ளை வால் எலியின் காது

அன்று லேடாங் மலையடியில், எங்கள் ஆசாஹான் வாடகை வீட்டில் இருந்தவர்கள் மூவர்: என் அத்தை லெட்சுமி, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஜேசன், துணிப்பைக்குள் ஓர் எலி. இல்லாதவர்கள் இருவர்: டாக்டர் தயாளன், நான். நாங்கள் மலைமேல் பொறி வைத்துக்கொண்டிருந்தோம். பைக்குள் இருந்தது எந்த எலி என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் அந்த வேலையில்தான் இருந்திருப்பேன்.

பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைத் தம்பிகள், பணி ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களை ஆண்டு மலரில் போடுகிறார்களாம். என்னிடமும் கேட்டார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. அதைச் சொல்லியும் செயலாளர் அசரவில்லை. "அண்ணே, எலி வேலையில இருந்து ரிட்டயர் ஆயிட்டீங்கதானே, போதும்லா" என்றான். இன்னொன்றும் கேட்டான்: "இப்பதான் கையடக்க மெஷின் வந்துருச்சே. காட்டுல நின்னுக்கிட்டே மரபணுவைப் படிச்சிரலாம். அப்புறம் எதுக்குண்ணே காதையும் வாலையும் அளக்கணும்?" அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா லோரி ஓட்டுநர். நான் விலங்கியல் எடுத்ததும் புக்கிட் ரம்பாய் அடுக்குமாடியில் பாதிப் பேர் மாட்டு டாக்டருக்குப் படிப்பதாக நினைத்துத் தங்கள் நாய்களைக் கூட்டி வந்து காட்டினார்கள். பட்டம் வாங்கி, லேடாங் மலையில் எலியினங்களை வகைப்படுத்தும் திட்டத்தில் உதவியாளனாகச் சேர்ந்தபோது அப்பாவுக்கு வெளியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யோசித்துவிட்டு, "பையன் எலி ஆபீசர்" என்று சொல்லத் தொடங்கினார். அளக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. கடிபடாமல் அளக்க இன்னொரு ஆறு மாதம்.

கற்றுக்கொடுத்தவர் டாக்டர் தயாளன். ஒல்லியான மனிதர். காட்டுக்குள்ளும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். மனிதர்களை நீ என்பார், எலிகளை நீங்கள் என்பார். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வாலை மட்டும் பார்த்துவிடுகிறேன்" என்று எலியிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் என்னிடம், "டேய், லைட்ட நேரா புடி" என்பார். எலி கடித்தால் எலியிடம்தான் மன்னிப்புக் கேட்பார். கடி வாங்கியவன் நான்.

பொறியில் விழுந்த எலியைத் துணிப்பைக்கு மாற்ற வேண்டும். ஸ்பிரிங் தராசில் பையோடு தொங்கவிட்டு எடை பார்த்து, பிறகு வெறும் பையின் எடையைக் கழிக்க வேண்டும். எலி பையை நனைத்திருந்தால் நனைந்த பையின் எடை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உடல். அங்கிருந்து நுனிவரை வால், கடைசி முடிக்கற்றையைச் சேர்க்கக் கூடாது. பின்னங்கால் பாதத்தை நகம் நீங்கலாக அளக்க வேண்டும். காதை அடிப்பள்ளத்திலிருந்து உச்சிவரை. பெண் எலியென்றால் முலைக்காம்புகள் எத்தனை ஜோடி, மார்பில் எத்தனை, வயிற்றில் எத்தனை. அந்த இடத்தில் மட்டும் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல வந்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும், அவருக்குச் சந்தேகம் வரும்.

"மூணும் முப்பத்தொன்னா?"

"ஆமா சார்."

"நீ அளக்கல. ஒருதரம் அளந்துட்டு ரெண்டுதரம் ஞாபகப்படுத்திக்கிட்ட. திரும்ப அள."

இவ்வளவு செய்தும் மலையெலிகள் ஏமாற்றும். எல்லாமே மேலே பழுப்பு, கீழே வெளுப்பு. ஓர் இனத்தின் குட்டி இன்னோர் இனத்தின் கிழத்தைப் போலவே இருக்கும். அதனால்தான் மரபணு. காது ஓரத்தில் அரிசி அளவு வெட்டி, சாராயம் ஊற்றிய சின்னக் குழாயில் போட்டால் ஆய்வுக்கூடத்தில் அதன் மரபணுவைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். இதில் டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார். அளந்தவன் வெட்டக் கூடாது. அளந்தவன் கையில் வேறு எலிகளின் முடி ஒட்டியிருக்கும், மரபணு கலந்துவிடும். ஆகவே வெட்டுவதற்கென்று மலாக்கா டவுனிலிருந்து புதிய கையுறைகளோடு ஜேசன் வருவான். கெட்டிக்காரச் சீனப் பையன். அவனுக்கு எலியின் மரபணு என்றால் உயிர், எலி என்றால் உயிர் போய்விடும். பைக்கு வெளியே காதை மட்டும் நான் இழுத்துக் காட்டுவேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவான்.

அந்த வெள்ளை வால் எலி விழுந்தது மலையின் மேல் சரிவில், பாசி படிந்த ஒரு வேரடியில். வாலின் கீழ்ப்பாதி சுத்த வெள்ளை. டாக்டர் அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார்.

"தெரியுதாடா இவங்க யாருன்னு? கேமரன் மலை உயரத்துல இருக்கிற வெண்வால் எலி. நம்ம மலையில இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல."

திட்டத்தின் பணம் அந்த மாதத்தோடு தீர்கிறது. இந்த எலிதான் அந்த எலி என்று மரபணுவும் சொல்லிவிட்டால் இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்பு நிச்சயம். டாக்டருக்கு அது பணி ஓய்வுக்கு முன் கடைசி வாய்ப்பு. எனக்கு அது சம்பளம், அப்பாவுக்கு எலி ஆபீசர் மகன். அளந்து, படமெடுத்து, பையில் போட்டு, வீட்டில் அத்தையிடம் கொடுத்து, "ஜேசன் வர்ற வரைக்கும் பத்திரம்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது எலி கிடைக்குமா என்று நாங்கள் மறுபடி மலையேறினோம்.

அத்தை எங்கள் சமையல்காரர். ஜாசினில் பள்ளிக் கன்டீனில் சமைத்தவர். டாக்டரின் வயிற்றுப்புண்ணுக்காக நான்தான் கூட்டி வந்தேன். திரும்பி வந்தபோது ஜேசன் வாழையிலைத் துண்டில் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்று விநாயகர் சதுர்த்தி. குழாயில் காதுத்துண்டு பத்திரமாக இருந்தது. பை காலியாக இருந்தது.

"எலி எங்கேம்மா?" என்றார் டாக்டர்.

"வெட்டி முடிஞ்சிருச்சுல்ல சார், விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க?"

"பின்னால, வாழைக்கிட்ட."

பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது எங்கள் அனுமதியின் நிபந்தனை. டாக்டர் அத்தையை ஒன்றும் சொல்லாமல் ஜேசன் பக்கம் திரும்பினார். ஜேசன் வாயில் கொழுக்கட்டையோடு, "ஆன்ட்டி சொன்னாங்க போலே, டாக்டர்" என்றான். மலாயில் போலே என்றால் சரி, செய்யலாம் என்று பொருள். அவனுக்கு அரை மணி நேரம் பேச்சு விழுந்தது. காது இருக்கிறது, படம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன என்று நாங்களே எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

முடிவை ஜேசன் நேரிலேயே கொண்டுவந்தான். மோட்டாரை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான்.

"டாக்டர், இது செம்பனை எலி."

"எது?"

"வெள்ளை வால். ரெண்டுதரம் போட்டுப் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்துல பழம் திங்குமே, அதே எலி."

உடம்பைப் பார்த்தால் மலையெலி, மரபணுவைப் பார்த்தால் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து எலி. ஆய்வுக்கூடத்தில் குழாய் மாறியிருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜேசனுக்குக் கோபம் வந்து அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினான். டாக்டர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். "மரபணுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத்தான் கண்ணு போயிருச்சு."

மறுநாள் ஜாசின் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டார். கண்ணாடிக் கடைப் பெண், பார்வையில் குறையே இல்லை, ஃபிரேம்தான் பழசு என்று சொல்லியிருக்கிறாள். புது ஃபிரேமில் அதே பவரோடு திரும்பினார். அதைப் போட்டுக்கொண்டு என் போனில் இருந்த வெள்ளை வால் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தார். "இப்பவும் எனக்கு மலையெலியாத்தான்டா தெரியுது" என்று, ஏதோ நோயைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நிதிக்குழுக் கூட்டத்தில் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. படத்தைக் காட்டினார், அளவுகளைச் சொன்னார், மரபணு முடிவையும் சொன்னார். இரண்டும் பொருந்தவில்லை, காரணம் தெரியவில்லை என்றார். கறிப்பாப் பலகாரத் தட்டு ஒரு சுற்று வந்தது. ஓர் உறுப்பினர் கையைத் துடைத்துக்கொண்டே, "செம்பனை எலியைப் பார்க்க மலையேறணுமா டாக்டர்? எங்க வீட்டு அடுப்படிக்கே வருதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் மரியாதைக்குச் சிரித்தார். நீட்டிப்பு இல்லை, மாதக் கடைசியோடு மூட்டை கட்டலாம் என்று முடிவானது.

அன்று மாலை ஆசாஹான் வீட்டில் நானும் அத்தையும்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏன்டா கதிரு, கருவாட்டுல உப்பு கூடிருச்சா?"

"வேலை போச்சு அத்தை."

"என்னடா சொல்ற? அளக்கிறதுல தப்புப் பண்ணிட்டியா?"

"அளந்ததெல்லாம் சரி. பார்த்தா மலையெலியா இருக்கு. ஆனா காதை வெட்டிப் பார்த்தா தோட்டத்து எலின்னு வருது."

அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "பின்ன எப்படிடா வரும்? வெட்டினது தோட்டத்து எலி காதுதானே."

"எந்தத் தோட்டத்து எலி?" என்றேன்.

"அன்னைக்குச் சதுர்த்திடா. பிள்ளையாருக்குப் படைக்கிறேன், பக்கத்துலயே அவரு வாகனத்தைப் பையில கட்டி வச்சிருக்கு. கீச்சுகீச்சுங்குது. எப்படிக் கும்பிடுறது சொல்லு? அவுத்து விட்டு, வாழையடியில ஒரு கொழுக்கட்டையும் வச்சேன். அதுக்குள்ள அந்த சீனப் பையன் மோட்டார் சத்தம் கேட்டுச்சு. பை காலியா இருந்தா உன் வேலை போயிருமேன்னு, மளிகைக்கடை ஆ சோங்கிட்ட ஓடினேன். அவன் பொறியில ஒன்னு விழுந்திருந்துச்சு. நல்ல கொழுத்த எலிடா. பையில போட்டு நானே புடிச்சுக்கிட்டேன், அவன் கண்ண மூடிக்கிட்டு வெட்டினான்."

"அத்தை! அதுவும் பிள்ளையார் வாகனம்தானே?"

"நான் இல்லேங்கலியே. ஆனா அதுக்குள்ள பூசை முடிஞ்சிருச்சு. அதோட ஆ சோங் அதை வாளித் தண்ணியில முக்கப் போனான். காது ஓரம் போனாலும் உசிரு தப்பிச்சுதா இல்லியா?"

பல்கலைக்கழகத்தில் மாதிரி கலப்படமாகும் வழிகள் என்று ஒரு பாடமே உண்டு. இது அதில் இல்லை.

மறுநாள் காலை டாக்டரிடம் சொன்னேன். அவர் அளக்கும் காலிப்பர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். கோபம் வரும் என்று இரண்டடி தள்ளி நின்றேன்.

"அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு" என்றார் முதலில். பிறகு, "சாப்பிட்டாங்களா?"

"யாரு சார்?"

"அந்த வெண்வால் எலி. கொழுக்கட்டையைச் சாப்பிட்டாங்களா?"

அடுப்படியிலிருந்து அத்தையைக் கூப்பிட்டோம். தயங்கித் தயங்கி வந்தார். "சாப்பிட்டுச்சு சார். மாவை விட்டுட்டு உள்ள இருந்த பூரணத்தை மட்டும் தின்னுட்டுப் போயிருந்துச்சு."

"பூரணத்துல என்னம்மா போடுவீங்க?"

"தேங்காப்பூ, குலா மெலாக்கா வெல்லம், ரெண்டு ஏலக்கா. ஏன் சார், நல்லா இல்லியா?"

டாக்டர் பெட்டியைத் திறந்து காலிப்பர்களை மறுபடி வெளியே எடுத்தார். நாங்கள் அதுவரை வைத்த இரை வாழைப்பழமும் கருவாடும்.

குழுவுக்கு உடனே எழுதிவிடலாமே என்றேன். "என்னன்னு எழுதுறது? பிள்ளையார் வாகனத்தை மரியாதையா அனுப்பி வச்சிட்டோம்னா? ஒரு எலி வேணும்டா. கையில எலி இருந்தா அப்புறம் எழுதலாம்."

மாதத்தில் மிச்சமிருந்த நாள்களில் மேல் சரிவெங்கும் பூரணம் வைத்தோம். அத்தை வெறும் பூரணம் செய்ய மறுத்துவிட்டார். மாவில் வைத்து ஆவியில் வேகவைத்தால்தான் அது பூரணமாம். ஆகவே முழுக் கொழுக்கட்டையாகவே பொறிகளில் வைத்தோம். முதலில் அணில் விழுந்தது. அப்புறம் இன்னோர் அணில். ஒரு பொறிக்கு முன்னால் யாரோ செம்பருத்திப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மலையேறிகளாக இருக்கும். காட்டில் கொழுக்கட்டையைப் பார்த்ததும் என்ன நினைத்தார்களோ. டாக்டர் பூவை எடுக்கவில்லை. தினமும் காலையில் கிளம்புமுன் அத்தையிடம், "இன்னைக்கு ஏதும் விசேஷம் உண்டாம்மா?" என்று கேட்டுக்கொள்வார்.

செம்பருத்தி வைத்த பொறியில்தான் விழுந்தது. பழுப்பு முதுகு, வெளுத்த வயிறு, வாலின் கீழ்ப்பாதி வெள்ளை.

"வாருங்கள்" என்றார் டாக்டர்.

இந்த முறை வீட்டில் நால்வரும் இருந்தோம். பெண் எலி. மூன்று முறை அளந்தோம். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டன, டாக்டருக்குத் திருப்தி. குரலைத் தாழ்த்திக் காம்புகளை எண்ணினார். காதுத்துண்டு ஆய்வுக்கூடம் போகுமுன்பே இனத்தின் பெயரைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை நான் பிடித்தேன்.

"ஜேசன், கண்ணைத் திற."

"டாக்டர், நான் திறந்துதான்…"

"ரெண்டையும்."

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "பார்த்து வெட்டுப்பா, பொம்பளப் புள்ளையாம்" என்றார்.

எலியைப் பிடித்த அதே வேரடியில் கொண்டுபோய் விட்டோம். மாதம் முடிந்தது, வீட்டைக் காலி செய்தோம். முடிவு வந்தபோது நான் பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் லென்ஸுக்குக் கீழே மின்பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்: நல்லது, கெட்டது, சந்தேகம். இன்றும் அதுதான் வேலை. ஜேசன் போனில் கத்தினான். டாக்டர் பேனாவால் எழுதிய பெயரையே மரபணுவும் சொல்லியிருந்தது.

நிதிக்குழுவுக்கு எழுதினோம். கவனத்தில் எடுத்துக்கொண்டதாகவும், மூடிய திட்டத்தைத் திறக்க வழியில்லை என்றும் பணிவாகப் பதில் வந்தது. டாக்டர் ஓய்வு பெற்றார். மெஷின் இருக்க எதற்கு அளக்கணும் என்று செயலாளர் தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான்: மெஷின் காதைத்தான் படிக்கும். அது யார் காது என்று அதற்குத் தெரியாது. டாக்டர் அந்த முதல் எலியை அளந்து வைத்திருக்காவிட்டால், செம்பனை எலி மலையேறிவிட்டது என்று நாங்கள் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

டாக்டர் அத்தையைப் பார்க்க ஜாசினுக்கு வந்தார். "நீங்க விட்ட எலி நல்ல எலிம்மா" என்றார்.

"எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுச்சு சார். அப்புறம் ஏன் மூடிட்டாங்க?"

"எலிதான் கிடைச்சிருச்சே, அதான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

அத்தையைப் பற்றி எழுதுவதால் போன வாரம் அவரிடம் அனுமதி கேட்கப் போனேன். அந்தக் காதால்தான் திட்டம் மூடியது, மூன்று ஆண்டு வேலை போனது என்ற உண்மையைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? சொன்னேன். அத்தை முறுக்குப் பிழிவதை நிறுத்திவிட்டார்.

"மூணு வருச வேலையாடா?"

"ஆமா அத்தை."

"சாருக்குமா?"

"அவருக்கும்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த எலியை மடியிலயே கட்டி வச்சிருப்பேனேடா." மாவை மறுபடி அச்சில் அடைத்துக்கொண்டே, "பூசை முடிஞ்சப்புறம்" என்றார்.

பிறகு இரண்டாவது காதைச் சோதிக்க எவ்வளவு ஆனது, யார் கொடுத்தது என்று கேட்டார். திட்டம் மூடிவிட்டதால் ஆய்வுக்கூடம் வெளியாள் கட்டணம் வாங்கியது. டாக்டரும் ஜேசனும் நானும் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டோம் என்றேன்.

"அப்ப என் பங்கு?"

"அதெல்லாம் கட்டியாச்சு அத்தை."

"ஏன்டா, முதல்ல பையைப் புடிச்சது யாரு? நான் இல்லாம நீங்க மூணு பேரும் கணக்கை முடிச்சிருவீங்களா?" மாவுக் கையோடு உள்ளே போய் ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் திணித்தார். டாக்டருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், "வாங்கிக்கோடா, திருப்பிக் கொடுத்துராத" என்றார்.

அந்தக் காதுத்துண்டுக்கு ஆய்வுக்கூடம் கேட்டது நூற்றைம்பது வெள்ளி. நாங்கள் நால்வரும் கொடுத்தது இருநூறு.